குழாய்க்குள் கேட்ட உடுக்கை

உலக ஆன்மிக வரலாற்றில் பிளம்பிங் துறைக்கு உரிய இடத்தை வாங்கித் தந்த ஒரே மகான் எங்கள் முதலாளி இராமலிங்கம் அவர்கள். கிரிவலப் பாதையில் அவர் நடத்தும் லாட்ஜுக்கு நான் மேனேஜர் என்பதற்காகச் சொல்லவில்லை. சம்பளம் வாங்காதவர்களும் இதையேதான் சொல்கிறார்கள்.

மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டாரை நிறுத்தினால், கீழ்த்தளத்து மூலை அறையில் கூரையை ஒட்டிப் போகும் குழாய் "டம்... டம்... டம்..." என்று அடிக்கும். சாதாரண முதலாளியாக இருந்தால் சரிசெய்து காரியத்தைக் கெடுத்திருப்பார். அந்த அறையில் தங்கிய சென்னை தேவிப்ரியா மேடம் ஒரு காலையில் கண்கலங்கி வந்து நின்றார்.

"சார், ரூம்ல உடுக்கை சத்தம் கேட்டுச்சு. என் ஸ்ட்ரெஸ்ஸே போயிடுச்சு."

முதலாளி ஒரு விநாடிதான் யோசித்தார். "எல்லாருக்கும் கேக்காதும்மா."

கட்டில் வெளியே போனது, பாய் உள்ளே வந்தது, 'நாத தியான மண்டபம்' என்று போர்டு ஏறியது. மன அழுத்தம் போக வந்தவர்கள் குழாய் அழுத்தத்துக்குக் கீழே கண்மூடி உட்கார்ந்தார்கள். 'இறையருள்' என் ஆள்காட்டி விரல் வழியாக மோட்டார் சுவிட்சில் இறங்கியது.

பின்வரிசைக்காரர்கள் சத்தம் கம்மி என்று குறைபட்டதால், குழாய் இன்ஜினியர் தௌஹீதை முதலாளி வரவழைத்தார். அவர் குழாயை அளந்து, தண்ணீரின் வேகத்தைப் பார்த்து, முகம் வெளுத்தார்.

"மோட்டார் நின்னதும் மேல போன தண்ணி திரும்பி ஓடியாருதுங்க. வால்வு படார்னு மூடிக்குது. வந்த வேகத்துல தண்ணி அதுல முட்டுது. குழாய் தாங்குறதவிட அந்த அடி ஜாஸ்தி."

"இன்னும் ஜாஸ்தி பண்ண முடியுமா?"

"சார், வெடிச்சிடும்!"

"வெடிக்கறதுக்கு முன்னாடி எவ்ளோ சத்தம் வரும்?"

தௌஹீத் பொறுமைசாலி. "தண்ணி திரும்பறதுக்குள்ள மூடிக்கிற வால்வு இருக்குங்க. கூடவே காத்து அடைச்ச சின்ன டேங்க் வெச்சா, அடிய அது வாங்கிக்கும். சத்தமே வராது."

'சத்தமே வராது' என்ற சொல் முதலாளியின் மனத்தை ஆழமாகப் புண்படுத்தியது. காபி கொடுத்து அனுப்பிவிட்டார்.

பௌர்ணமியன்று மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. உத்தரவுப்படி நான் மோட்டாரைப் போட்டுப் போட்டு நிறுத்தினேன். நாதம் உச்சத்துக்குப் போனது. குழாயும் போனது. வளைவில் வெடித்து, உள்ளிருந்த தண்ணீரெல்லாம் தலைகளில் கொட்டியது. "கங்கை! கங்கை!" என்று கைதூக்கினார்கள். சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்த தங்கம்மாள், எங்கள் லாட்ஜைப் பெருக்கித் துடைப்பவர், தெறித்த குழாய்த் துண்டு பட்டு மணிக்கட்டு உடைந்து அலறினார். முன்வரிசையில் இருவர் அதையும் மந்திரம் என்று நினைத்துத் திருப்பிச் சொன்னார்கள்.

ஆஸ்பத்திரிக்கு முதலாளி சாத்துக்குடியோடு நேரில் வந்தார். பெரிய மனசு.

"தங்கம்மா, இது எத்தன பேருக்குக் கெடைக்கும்? உன் கர்மா இதோட தீந்துச்சுன்னு நெனச்சுக்க."

தங்கம்மாள் கட்டுப்போட்ட கையைத் தூக்கிப் பார்த்தார். "அப்ப புதுக் குழாய் போட்டதும் நீங்களே அதுக்குக் கீழ ஒக்காருங்க மொதலாளி. உங்களுதும் தீரட்டும்."

முதலாளி பழத்தை வைத்துவிட்டு வேகமாக வெளியேறினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. தௌஹீத் வந்துபோன நாளிலிருந்து அவர் அந்த மண்டபத்துக்குள் காலே வைக்கவில்லை. இன்ஜினியரின் கணக்கைப் புள்ளி விடாமல் நம்பியவர் எங்கள் லாட்ஜில் அவர் ஒருவர்தான்.