ராணிக்குத் தரை போட்ட கதை

கூச்ச சுபாவம் உள்ளவர்களை எல்லோரும் அடக்கமானவர்கள் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அதெல்லாம் இல்லை. எதிரே நிற்பவர் சொல்வதில் பாதி எங்கள் காதில் ஏறாது. இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்க வாயும் வராது. அதனால் தலையை ஆட்டிவைப்போம். (பூம்பூம் மாடு தோற்றுவிடும்.)

எழுபதுகளில், கல்யாணமாகி மாமல்லபுரத்துக்குப் பக்கத்துக் குப்பத்துக்கு வந்த புதிது. எங்கள் வீட்டுப் பின்கட்டில் ‘பூச்சி சார்’ குடியிருந்தார். மெட்ராஸ் காலேஜில் பாடம் எடுப்பவர், லீவு விட்டால் இங்கே வந்துவிடுவார். கண்ணாடித் தொட்டியில் ஒரு சிலந்தி வளர்த்தார். உள்ளங்கை அகலம், உடம்பெல்லாம் மயிர். பெயர் ராணி. என் மாமியார் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கமாட்டார். எனக்கு என்னவோ அதன்மேல் பிரியம். ஆள் வந்தால் உள்ளே ஓடிவிடும், என்னைப் போலவே.

ஒருநாள் சார் அவசரமாக ஊருக்குப் போகவேண்டி வந்தது. ராணியை ஒரு சட்டிக்கு மாற்றிவிட்டு என்னைக் கூப்பிட்டார். தொட்டி மண் பூசணம் பிடித்துவிட்டது, புது மண் போட்டு ராணியை விடவேண்டும், “என்ன மண்ணுன்னா...” என்று நீளமாகச் சொன்னார். நான் தூணைப் பார்த்துத் தலையாட்டினேன். “ராணி உன் பொறுப்பும்மா” என்று முடித்தது மட்டும் நன்றாகக் கேட்டது. அதுவரை என்னை நம்பி யாரும் ஒரு கோழிக்குஞ்சைக்கூட விட்டுப்போனதில்லை. அஞ்சாம் கிளாஸோடு நின்றவளுக்குத் தலைகால் புரியவில்லை.

கடலோரத்தில் மண்ணுக்கா பஞ்சம்? கரை மணலைச் சலித்து, அலசி, காயவைத்து, சர்க்கரை மாதிரி பரப்பினேன். புது வீடாயிற்றே என்று மஞ்சள் தண்ணீரும் தெளித்தேன். (நல்லவேளை, பால் காய்ச்சவில்லை.) சட்டியைச் சாய்த்தேன். ராணி ஒரு காலை வைத்தாள், எடுத்தாள், கண்ணாடிமேல் ஏறி ஒட்டிக்கொண்டாள்.

“இன்னாடி, நீ இந்த வூட்டுக்கு வந்தன்னிக்கு நின்ன மாரியே நிக்குது!” என்றார் மாமியார், வாசலில் இருந்தபடியே.

மறுநாளும் அவள் இறங்கவில்லை. மணலை அள்ளிவிடலாம் என்று மூடியைத் திறந்தேன். ராணி என் கையில் ஏறி, தோளில் ஏறி, ஜன்னல் வழியாகப் போயே போய்விட்டாள்.

“ஐயோ, பூச்சி ஓடிப்பூடுச்சே!”

மாமியார் போட்ட சத்தத்தில் குப்பமே வெளியே வந்தது. கரை சேர்ந்த ஆண்கள் கட்டுமரத்தை விட்டு இறங்கவில்லை.

“அண்ணாத்த, சுறா புடிக்கிற ஆளு நீ, எறங்கி வாயேன்!” என்று ஒருத்தி கத்தினாள்.

“சுறா வேட்டிக்குள்ள ஏறாதும்மே!” என்று பதில் வந்தது.

என் வீட்டுக்காரர் மட்டும் கிட்ட வந்து, “சாரு வந்து கேட்டா இன்னா சொல்லுவ?” என்றார். எனக்கு அழுகைதான் வந்தது. நம்பி விட்டுப்போனாரே!

கொல்லையில் சுவர் பூசுவதற்காகச் செங்கல்பட்டுப் பக்கமிருந்து வண்டியில் வந்த செம்மண் குவியல் மழையில் நனைந்து கிடந்தது. வேலியோரம் தேடிக்கொண்டே போனவள் பார்த்தேன். குவியலில் புதிதாக ஒரு பொந்து. வாயைச் சுற்றி மெல்லிய வெள்ளை நூல். ராணி! அதே நேரம் மண் குழைக்க வந்த என் மூத்தார், வீட்டுக்காரரின் அண்ணன், அங்கேயே மண்வெட்டியை ஓங்கினார்.

எங்கள் பக்கம் பெண்கள் மூத்தார் எதிரே நிற்கவே மாட்டோம், பேசுவது எங்கே.

“வெட்டாதீங்க! ராணி உள்ள கீது!”

கத்தியது நான்தான். கத்தியதோடு விடவில்லை. ஓடிப்போய்ப் பொந்துக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டேன், தலைமுக்காடு எங்கேயோ கிடக்க, மொத்தக் குப்பமும் வேலிமேல் எட்டிப்பார்க்க. மூத்தார் மண்வெட்டியைத் தன் காலிலேயே போட்டுக்கொண்டார்.

“டேய், உன் பொண்டாட்டிக்கு வாய் கீதுடா!” என்று நொண்டிக்கொண்டே தம்பியிடம் சொன்னார்.

அந்த மண்ணைப் பிடித்துப் பார்த்தேன். கொழுக்கட்டை மாதிரி நின்றது. மணலில் தோண்டத் தோண்டச் சரியும், பாவம், பொந்து எடுக்கிற பிராணி எப்படிக் குடியிருக்கும்? தொட்டியைக் கழுவி, ஆழமாகச் செம்மண் நிரப்பி அழுத்தினேன். பொந்தோடு சேர்த்து ஒரு பெரிய கட்டியாக வெட்டி, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு போய் நடுவில் பதித்தேன். குப்பம் வழிவிட்டது, சாமி ஊர்வலத்துக்கு விடுகிற மாதிரி.

சார் வந்தார். பொந்து வாசலில் ராணியின் இரண்டு கால் தெரிந்தது.

“சபாஷ்! ஈரச் செம்மண்ணை ஆழமா அழுத்திப் போடுன்னு சொன்னேன், அப்படியே செஞ்சிருக்கியே! உனக்கு ஒருதடவை சொன்னா போதும்.”

மாமியார் வாயைத் திறந்து, மூடிக்கொண்டார். மூத்தார் இருமினார். ஒருத்தரும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அதிலிருந்து எங்கள் சொந்தத்தில் யார் வீடு கட்டினாலும் தரைக்கு என்ன போடுவது என்று என்னைத்தான் கேட்பார்கள், கிண்டலாக. சிமெண்ட் போனது, மொசைக் வந்தது, கேள்வி மட்டும் மாறவில்லை. போன வருஷம் பேத்தி பொத்தேரியில் வீடு கட்டும்போது டைல்ஸ் கடைக்கு அழைத்துப்போனாள். “எங்க ஆயா எட்டுக்கால் பூச்சிக்கே தரை போட்டவங்க, அவங்க சரின்னாதான் எடுப்போம்” என்றாள். கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். நான் செருப்பைக் கழற்றி ஒவ்வொன்றின் மேலும் ஏறி நின்று பார்த்தேன். கடையிலேயே விலை கூடினதைக் காட்டி, “வழுக்குது, வேணாம்” என்றேன்.

எடுக்கவில்லை.