உயிருள்ள சான்று

உலகத்தில் துயரம் என்று ஒன்று இருப்பதே, கல்லூரி மாணவர்கள் அதைப் பற்றிச் சிந்தித்து மதிப்பெண் வாங்குவதற்காகத்தான். இந்த உண்மை தெரியாத மக்கள் துயரத்தை வெறுமனே அனுபவித்துவிட்டுப் போய்விடுகிறார்கள். எத்தனை பெரிய விரயம்!

அந்தக் கல்லூரி இந்த விரயத்தைத் தடுக்க முன்வந்தது. "சமூகச் சிந்தனையும் அகவளர்ச்சியும்" என்று ஒரு பாடம் வைத்தார்கள். கடைசி ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஒரு சமூகப் பிரச்சினையைத் தேர்ந்தெடுத்து, அதனால் மனம் மாறி, மாறிய மனத்தை விழா மேடையில் பேசிக் காட்ட வேண்டும். நன்றாக மாறியவருக்குப் பரிசுக் கோப்பை உண்டு; மனம் மாறாதவருக்குப் பட்டம் கிடையாது. தேர்வுக்குப் பிறகு மாறிக்கொள்கிறேன் என்றாலும் செல்லாது.

இதெல்லாம் எங்கும் உள்ளதுதானே என்பீர்கள், கண்ணுகளா. பொறுங்கள். இங்கே ஒரு தனிச்சிறப்பு உண்டு. பேசுகிறவர் தன் பேச்சுக்கு "உயிருள்ள சான்று" ஒன்றை மேடைக்கு அழைத்துவர வேண்டும். மதுவைப் பற்றிப் பேசினால் ஒரு குடிகாரர். முதுமையைப் பற்றிப் பேசினால் கவனிக்க ஆளில்லாத ஒரு கிழவர். சான்று நாற்காலியில் உட்கார வேண்டும். வாய் திறக்கக் கூடாது. போன வருடம் ஒரு குடிகாரர் ஒலிவாங்கியைப் பிடித்து, மாணவரைவிடத் தெளிவாகப் பேசித் தொலைத்ததிலிருந்து வந்த விதி அது.

நம் நாயகரை நண்பர்கள் 'சீர்திருத்தம்' என்று கூப்பிடுவார்கள். அவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, பெண்கல்வி மறுப்பு. வறுமை, மது, முதுமை எல்லாவற்றையும் முன்வரிசை மாணவர்கள் அள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மிச்சம் இருந்தது இதுதான். இருந்தாலும் மனிதர் சளைக்கவில்லை. தினமும் காலையில் குளியலறைக் கதவைத் தாழிட்டுக்கொண்டு, கண்ணாடிக்கு முன்னால் நின்று பெண்குலத்துக்காக உருகினார்.

வெளியே அவர் அப்பா தோளில் துண்டோடு நிற்பார். பேருந்து ஓட்டுநர். "டேய், சீக்கிரம் உருகிட்டு வெளிய வாடா! பஸ் எடுக்கணும்!"

சீர்திருத்தம் சான்றாகப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தியை ஏற்பாடு செய்திருந்தார். பள்ளியோடு படிப்பு நின்று, தையல்கடையில் பொத்தான் வைத்துக்கொண்டிருந்தவள். சோகமான கண்கள் வேறு. அருமையான சான்று. விழாவுக்கு முதல்நாள் பார்த்து அவளுக்கு ஒரு கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டது. சீர்திருத்தத்துக்குத் தலையில் இடி விழுந்தது போல் ஆயிற்று. நேரே பாடப் பொறுப்பாசிரியரிடம் ஓடினார்.

"சார், என் சான்றுக்கு சீட்டு கெடச்சிடுச்சு சார்."

"அடப்பாவமே! எப்போ?"

"இன்னைக்குக் காலைல."

"கடைசி நேரத்துல இப்படிக் கழுத்தறுத்துட்டாளே. சரி, வேற பொண்ணு பாரு."

"தெருவையே அலசிட்டேன் சார். எல்லாம் படிக்குதுங்க."

பொறுப்பாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சமூகம் அவ்வளவு சுலபமா ஒத்துழைக்காதுப்பா. நாமதான் போராடணும்."

போராட்ட குணத்தோடு வீடு திரும்பிய சீர்திருத்தத்தின் கண்ணில் தங்கை பட்டாள்.

அவளும் பள்ளி முடித்து ஒரு வருடமாக நகலெடுக்கும் கடையில் வேலை பார்க்கிறவள்தான். இயந்திரம் ஓடுகிற இடைவெளியில் படித்து, ஆய்வுக்கூடத் தொழில்நுட்பப் படிப்புக்கு அண்ணனின் கல்லூரியிலேயே நேர்காணல் வரை வந்துவிட்டாள். நேர்காணல் மறுநாள். விழா நடக்கும் அரங்குக்கு அடுத்த கட்டடத்தில்.

"நீ எப்படியும் அங்கதானே வரப்போற?" என்றார் அண்ணன்.

"ஆமா. அதுக்கு?"

"வந்து மேடைல கொஞ்ச நேரம் உக்காரு. படிக்க முடியாத பொண்ணா."

"நான்தான் படிக்கப் போறேனே அண்ணா."

"நாளைக்குத்தானே போற? இன்னும் படிக்கலையே. அதுவரைக்கும் உண்மைதானே?"

தங்கை இடுப்பில் கை வைத்தாள். "அழணுமா?"

"வேண்டாம், தலைய மட்டும் குனிஞ்சுக்கோ. அழற வேலைய அவங்க பாத்துப்பாங்க."

சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "டேய், அவளுக்கு நாளைக்கு முக்கியமான நாள்டா. ஏற்கெனவே ஒரு வருஷம் போச்சு. இதுவும் தவறிட்டா அப்பா மறுபடி விடமாட்டாரு. கடையிலயே இருன்னு சொல்லிடுவாரு."

"அம்மா, அவ படிக்கணும்னுதானே நானே பேசப்போறேன்!"

அம்மா சட்டையின் காலரைத் திருப்பிப் போட்டாள். அண்ணனுக்குப் பட்டம் கிடைக்காமல் போய்விடுமே என்று தங்கையும் ஒப்புக்கொண்டாள். "என்னைக் கூப்பிட்டா எழுந்து போயிடுவேன், சொல்லிட்டேன்" என்றாள்.

"தாராளமா போ. அண்ணன் தடுப்பேனா?"

மறுநாள் அரங்கம் நிரம்பி வழிந்தது. நடுவர்கள் கைக்குட்டையோடு வந்திருந்தார்கள். 'நெகிழ்வு' என்ற தலைப்பின்கீழ் தனி மதிப்பெண் உண்டு. அதை அளக்கக் கைக்குட்டையைத் தவிர வேறு கருவி இன்னும் வரவில்லை.

சீர்திருத்தம் பேசினார். அடடா, என்ன பேச்சு! "இதோ அமர்ந்திருக்கிறாளே, இவள் வெறும் பெண்ணல்ல. மூடப்பட்ட கதவு!" என்றார். கதவு தலையைக் குனிந்துகொண்டது. முதல் வரிசையில் ஒருவர் மூக்கைச் சிந்தினார். நேற்றுவரை குளியலறைக்குள் அடங்கிக் கிடந்த அவர் குரல், இன்று கூரையைத் தொட்டது. தன் பேச்சைக் கேட்டுத் தனக்கே தொண்டை அடைத்தபோது, தன் மனம் நிஜமாகவே மாறிவிட்டது என்று சீர்திருத்தத்துக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அப்போதுதான் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு அலுவலக உதவியாளர் தலையை நீட்டினார். "நேர்காணல் பதினேழாம் எண் இங்க யாராச்சும் இருக்கீங்களா?"

"உஷ்!" என்றது அரங்கம்.

பதினேழாம் எண் எழுந்தாள். பாதி எழுந்ததுமே தோளில் அண்ணனின் கை விழுந்தது.

"இரு, இரு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தார். "கடைசிப் பத்தி."

"கூப்பிடறாங்க அண்ணா."

"காத்திருப்பாங்க. இப்ப எழுந்தா எல்லாம் போயிடும்."

அவள் மறுபடி எழுந்தாள். கை மறுபடி அழுத்தியது. ஆயிரம் கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. கையைத் தட்டிவிட அவளுக்குக் கை வரவில்லை. சபைக்குத் தெரிந்ததெல்லாம், திக்கற்ற ஒரு பெண்ணின் தோளில் ஒரு இளைஞரின் ஆதரவுக் கரம். அரங்கமே விம்மியது. "பதினேழு! பதினேழாம் எண்!" என்று கெஞ்சிக்கொண்டிருந்த உதவியாளரை இரண்டு தொண்டர்கள் வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். கடைசிப் பத்தி பெரிய பத்தி. சீர்திருத்தம் ஒரு வரியையும் விடவில்லை.

கைதட்டல் தொடங்கியதும் அவள் ஓடினாள். அடுத்த கட்டடத்தில் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"எல்லாரும் கெளம்பிட்டாங்கம்மா" என்றார் அதே உதவியாளர். "மூணு தடவை கூப்பிட்டாச்சு. உன் இடத்த அடுத்த நம்பருக்குக் குடுத்துட்டாங்க. இனிமே அடுத்த வருஷந்தான்." பிறகு அவள் முகத்தை உற்றுப் பார்த்தார். "அட, மேடைல இருந்த பொண்ணு நீதானே? நான்கூட எட்டிப் பாத்தேன். கண்ணுல தண்ணியே வந்துடுச்சும்மா."

அவள் அரங்குக்குத் திரும்பி வந்தாள். அங்கே கல்லூரி முதல்வரே மேடையேறி, பரிசுக் கோப்பையை ஏந்தி நின்றுகொண்டிருந்தார். வாசலில் அவளைக் கண்டதும் நெகிழ்ந்துபோய், "வாம்மா, மேல வா" என்று அழைத்தார். விதியையும் மறந்து ஒலிவாங்கியை அவளிடமே நீட்டினார்.

"பயப்படாம சொல்லும்மா. உன் படிப்பைக் கெடுத்தது யாரு? சமூகமா? வறுமையா?"

நடுவர்கள் கைக்குட்டையை எடுத்தார்கள்.

"எங்க அண்ணன் சார்" என்றாள் அவள். "இதோ நிக்கிறாரே, இவருதான். இப்பதான், கொஞ்ச நேரத்துக்கு முன்னாடி."

நடுவர்கள் தலையோடு தலை சேர்த்துக் கலந்தாலோசித்தார்கள். பொறுப்பாசிரியர் எழுந்து, கனத்த குரலில் தீர்ப்பை வாசித்தார். இந்தப் பாடம் தொடங்கிய நாள்முதல் சான்றுக்கு முழு மதிப்பெண் இன்றுதான் வழங்கப்படுகிறது என்றார். மற்ற மாணவர்கள் பாதிக்கப்பட்டவரை மட்டுமே மேடையேற்றினார்கள். பாதிப்பை உண்டாக்கியவரையும் சேர்த்து மேடையேற்றிய பெருமை இவர் ஒருவருக்கே.

சீர்திருத்தம் கோப்பையை வாங்கிக்கொண்டார்.