சகலையின் காலும் என் இடுப்பும்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு, இளைய மாப்பிள்ளை வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம் என்று எழுதத்தான் ஆசை, என் இடுப்பு சம்மதிக்கவில்லை. தங்கள் மூட்டுவலியும் அத்தையின் தலைச்சுற்றலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன்.

போன வாரம் போனில், "ஒரே கம்பெனி, ஒரே நாள், ரெண்டு பேருக்கும் அடி. பெரியவருக்கு எல்லாம் கிடைக்குது, உங்களுக்கு மட்டும் ஏன் மாப்பிள்ளை ஒண்ணும் கிடைக்கல?" என்று கேட்டீர்கள். பெரியவர் சமர்த்து, சின்னவர் அசடு என்பதுதானே அதற்கு அர்த்தம். ஆகவே விவரமாகவே எழுதிவிடுகிறேன்.

சகலை கிடங்கில் ஏணியின் மூன்றாவது படியிலிருந்து குதித்தார். இறங்காமல் ஏன் குதித்தார் என்று கேட்காதீர்கள், யாருமே கேட்கவில்லை. பணியாளர் இழப்பீட்டில் தப்பு யார் மேல் என்று பார்ப்பதே கிடையாதாம், வேலை நேரத்தில் வேலையிடத்தில் அடிபட்டால் போதுமாம். கணுக்கால் முறிந்தது. வைத்தியம் முழுக்கக் கம்பெனியின் காப்பீட்டுக்காரர்கள் பொறுப்பு, படுத்திருக்கும் நாளுக்கும் சம்பளத்தில் பெரும்பங்கு, நடை பழக்க ஒரு பெண்மணி வீடு தேடி வருகிறார், வேலைக்குத் திரும்பியதும் 'இலகுப் பணி' என்று உட்கார்ந்தபடி பெட்டிக்குச் சீட்டு ஒட்டும் வேலை. அந்த நாற்காலியை நான் பதினோரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். போதாக்குறைக்கு உங்கள் இளைய மகள் தினமும் சூப் வைத்து அக்கா வீட்டுக்கு அனுப்புகிறாள். எனக்கு எங்கே என்றால், "அவருக்கு எலும்பு, உங்களுக்கு வெறும் சதைதானே" என்கிறாள்.

என் கதையைக் கேளுங்கள். சத்தம் கேட்டு வந்த சூப்பர்வைசர், அவரைக் கொண்டுபோக வண்டி பிடிக்கச் சொல்லி "ஓடுய்யா" என்றார். ஓடினேன். கேட்டுக்கு வெளியே மூன்றடி தள்ளி ஈரத்தில் வழுக்கி விழுந்தேன். ஆஸ்பத்திரியில் படிவம் நிரப்பிய பெண், "வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போகும்போதா சார்?" என்றாள். வலியில் தலையை ஆட்டித் தொலைத்தேன். வீட்டுக்குப் போகும் வழியில் விழுந்தால் இழப்பீடு கிடையாதாம், சொந்த மருத்துவக் காப்பீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். அங்கே 'டிடக்டிபிள்' என்று ஒன்று, ஒரு தொகை வரை நாமே கட்டித் தீர்த்த பிறகுதான் அவர்கள் வாயைத் திறப்பார்கள். திறந்த பிறகும் ஒவ்வொரு தடவையும் நம் பங்கு என்று 'கோ-பே'. அதையும் தாண்டினால் 'முன்பே இருந்த நோய்' என்று கைவிரிப்பு. இரண்டு வருடம் முன்பு முதுகுப் பிடிப்புக்கு நான் களிம்பு வாங்கியதைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். சகலை சின்ன வயதில் எத்தனை சுவர் ஏறிக் குதித்தாரோ, அதை யார் தோண்டினார்கள்?

இப்போது ஒரு சங்கதி. சகலை விழுந்தபோது வேலை முடியும் மாலை மணி அடித்துவிட்டதோ என்று காப்பீட்டுக்காரர்களுக்குச் சந்தேகம். அடித்திருந்தால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவார்களாம். பக்கத்தில் நின்ற ஒரே சாட்சி நான். சாட்சிப் படிவம் என் முன்னால்தான் கிடக்கிறது. மணி அடிக்கவில்லை, எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் 'சரியாக ஞாபகம் இல்லை' என்று ஒரு வரி எழுதினால் போதும், அவர் கதை முடிந்தது. மூன்று நாளாகப் பேனாவைத் திறந்து திறந்து மூடுகிறேன். வயிறு எரிகிறது மாமா, உங்களிடம் மறைப்பானேன். நாளைக்கு அப்படித்தான் எழுதிக் கொடுக்கப் போகிறேன்.

அத்தைக்கு என் வணக்கங்கள். பேரப்பிள்ளைகள் தங்கள் ஆசியைக் கேட்கிறார்கள். வரும்போது முதலில் எங்கள் வீட்டுக்கு வரவும்.

என்றும் பணிவுள்ள,
இளைய மாப்பிள்ளை

பி.கு.: படிவத்தை எடுத்துக்கொண்டு ஆபீசுக்குப் போனேன். அங்கிருந்த கிளார்க் சகலையின் வாக்குமூலத்தை என் பக்கம் திருப்பி வைத்தார். கால் ஒடிந்த மறுநாளே எழுதியது. கடைசி வரிகள் இவை: 'எனக்காக வண்டி பிடிக்க ஓடித்தான் என் சகலை விழுந்தார். அப்போதும் மணி அடிக்கவில்லை. அவருக்கும் இழப்பீடு தர வேண்டுகிறேன்.' கிளார்க் சொன்னார்: "மணி அடிக்கலைன்னு நீங்க எழுதிட்டா ரெண்டு பேருக்குமே கிடைக்கும் சார். ஆஸ்பத்திரி ஃபாரத்தைத் திருத்திக்கலாம். உங்க கையெழுத்துக்குத்தான் காத்திட்டிருக்கோம்." உள்ளதை உள்ளபடி எழுதிக் கொடுத்துவிட்டேன். வேறு கடிதம் எழுத இடுப்பு இடம் கொடுக்காததால் இதையே அனுப்புகிறேன், அத்தைக்குப் படித்துக் காட்ட வேண்டாம். மனுஷன் காலை ஒடித்துக்கொண்டதோடு நிற்காமல் நல்லவராகவும் இருந்து தொலைத்திருக்கிறார். இதைத்தான் மாமா என்னால் தாங்க முடியவில்லை.