வேகாத கோப்பை

நிறம் கலக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு திமிர் உண்டு. உலகத்தில் எதையும் பூசி மறைத்துவிடலாம் என்று நினைப்பார்கள். எனக்கு அந்தத் திமிர் கொஞ்சம் அதிகமாகவே இருந்தது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் அது மொத்தமாக இறங்கியது.

விருத்தாசலத்தில் அப்பா சின்னதாக ஒரு பீங்கான் பட்டறை நடத்துகிறார். காப்பிக் கோப்பைதான் முக்கியச் சரக்கு. வெள்ளை வெளேரென்ற கோப்பை, விளிம்புக்குக் கீழே பழுப்பில் ஒரு கோடு. அந்தக் கோட்டுக்குக் கலர் கலப்பவள் நான். அப்பாவுக்கு இந்த உலகத்தில் ஒரே எதிரி, இரும்புத் துகளால் வெள்ளையில் விழும் பழுப்புப் புள்ளி. ஒரு புள்ளி விழுந்தாலும் கோப்பை ‘செகண்ட்ஸ்’ கூடைக்குப் போய்விடும். (நாங்கள் வீட்டில் குடிப்பதெல்லாம் செகண்ட்ஸில்தான். புள்ளி இல்லாத கோப்பையைப் பார்த்தால் யாரோ விருந்தாளி வந்திருக்கிறார் என்று அர்த்தம்.)

அப்படிப்பட்ட வீட்டில் என் வலது புறங்கையில் வெள்ளையாக ஒரு திட்டு வந்தது. பட்டறை மண் காய்ந்து ஒட்டியிருக்கிறது என்று நினைத்துத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினேன். போகவில்லை. தோல் டாக்டர் பார்த்துவிட்டு, வெண்புள்ளி, ஒட்டாது, பயப்பட வேண்டாம் என்றார். எனக்குக் காது அடைத்துவிட்டது. அதற்குப் பிறகு அவர் சொன்னதெல்லாம் அம்மா காதில்தான் விழுந்தது.

“விட்டமின் டி வகைக் களிம்பும்மா. மெல்லிசா பூசணும். காலையில கொஞ்ச நேரம் இளவெயில்ல கையைக் காட்டணும். மாசக்கணக்கா ஆகும். சிலருக்கு நிறம் வரும், சிலருக்கு வராது.”

அம்மாவுக்கு வேறு அதிர்ச்சி. “விட்டமின்னா முழுங்குறதுதானே டாக்டரு? தோலுக்கு எப்படிங்க ஊட்டுறது?”

ஊட்டினேன். தினமும் களிம்பைப் பூசிக்கொண்டு மாடியில் கையை நீட்டியபடி நின்றேன். எதிர்வீட்டு அக்கா, “வடாம் போட்டிருக்கியா? காக்கா வெரட்டுறியா?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். (அப்புறம் ஒரு நாள் அவருக்கு வடாம் வாங்கிக் கொடுக்க வேண்டியிருந்தது.)

கையில் நிறம் வரவில்லை. அதற்குள் திட்டக்குடியிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. மாப்பிள்ளையின் அப்பா அங்கே பாத்திரக்கடை வைத்திருக்கிறார்.

“முன்னாடியே சொல்லிடலாம். இது என்ன ஒட்டுற நோயா?” என்றார் அப்பா.

“மொதல்ல வந்து பாக்கட்டும். அப்புறமா சொல்லிக்கலாம்,” என்றாள் அம்மா. எங்கள் வீட்டில் கடைசியாகப் பேசியவர் சொன்னதுதான் நடக்கும். கடைசியாகப் பேசுவது எப்போதும் அம்மா.

அவர்கள் வருகிற அன்று, டியூபைப் பிதுக்கும்போது எனக்கு ஞானம் பிறந்தது. களிம்பு வெள்ளை. வெள்ளையில் கலர் கலப்பதுதானே என் வேலை? கோப்பைக் கோட்டுக்கான பழுப்புப் பொடியை ஒரு சிட்டிகை எடுத்துக் களிம்பில் குழைத்தேன். என் நிறம் அச்சு அசலாக வந்தது. பூசியதும் திட்டு இருந்த இடமே தெரியவில்லை. மருந்துக்கு மருந்தும் ஆச்சு, மறைப்புக்கு மறைப்பும் ஆச்சு என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். கோப்பையில் கலர் நிற்பது அது சூளையில் வேகுவதால்தான் என்பது பட்டறைக்காரன் மகளுக்கு அந்த நேரத்தில் ஞாபகம் வரவில்லை.

வந்தார்கள். அப்பா புதுச் சரக்கிலிருந்து முதல் தரமாகப் பார்த்துக் கோப்பைகளை எடுத்துக் கொடுத்தார். நானோ யாராவது பார்த்துவிடுவார்களோ என்று இடது கையால் வலது கையைப் பொத்திக்கொண்டே அடுப்படியில் நின்றேன். பிறகு அதே இடது கையால் கோப்பைகளைப் பிடித்துக் காப்பி ஊற்றித் தட்டில் வைத்துக் கொண்டுபோனேன்.

மாப்பிள்ளை ஒரு வாய் குடித்துவிட்டு மூக்கைச் சொறிந்தார். மூக்கு நுனி பழுப்பாகிவிட்டது. என் இடது உள்ளங்கையைப் பார்த்தேன், அதுவும் பழுப்பு. அதற்குள் அவருடைய அப்பா, பாத்திரக்கடைக்காரர் அல்லவா, கோப்பையைச் சுற்றிப் பார்க்க ஆரம்பித்திருந்தார்.

“என்னாங்க இது, கோடு கரையுது?”

“கரையாதுங்களே,” என்றார் அப்பா சிரித்துக்கொண்டே.

பாத்திரக்கடைக்காரர் தன் கட்டைவிரலைக் காட்டினார். “கலரு வேகவே இல்லீங்க. இதுல காப்பி குடிச்சா வயித்துக்குள்ளதான போவும்? நம்ம கடைக்கு எடுக்கலாம்னு நெனச்சிக்கிட்டு வந்தேன். இதையா ஊரு பூரா விக்கிறீங்க?”

அப்பா கோப்பையை வாங்கித் தானும் தேய்த்தார். அவர் விரலும் பழுப்பானது. அப்பா முகம் அப்படிச் செத்துப்போய் நான் பார்த்ததே இல்லை. அதே சூளையில் வெந்த சரக்கு முழுவதும் அப்போது பட்டறை வாசலில் லாரியில் ஏறிக்கொண்டிருந்தது. அவர் செல்போனை எடுத்தார்.

“லோடை எறக்கச் சொல்லிடுறேங்க. அவ்வளவையும் ஒடைச்சிடச் சொல்லிடுறேன்.”

அம்மா கண்ணாலேயே என்னை உள்ளே விரட்டினாள். என் கால் நகரவில்லை, வாய்தான் நகர்ந்தது.

“அப்பா, ஒடைக்க வேணாம். கோப்பை நல்லாத்தான் வெந்திருக்குது. வேகாதது நான்தான்.”

இதைச் சொன்னது நானா என்று எனக்கே திடுக்கென்றது. புடவைத் தலைப்பால் புறங்கையை அழுத்தித் துடைத்தேன். தலைப்பு பழுப்பானது, கை வெளுத்தது. மாப்பிள்ளையின் அம்மா கோப்பையைத் தள்ளிவைத்தார். மாப்பிள்ளை மூக்கைத் துடைத்தார். மாப்பிள்ளையின் அப்பா துண்டால் கோப்பையைத் துடைத்து வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“அட, ஆமாங்க. வேக்காடு சுத்தமா இருக்குது.”

என் கையை அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மறுநாள் பாத்திரக்கடைக்காரரிடமிருந்து போன் வந்தது. அப்பா ஸ்பீக்கரில் போட்டார். “பொண்ணு விஷயம் இப்பத்திக்கு வேணாங்க. தப்பா நெனைக்காதீங்க. ஆனா கோப்பை நல்லா இருந்துச்சு. நம்ம கடைக்கு ஒரு லோடு அனுப்பி வுடுங்க.”

எனக்கு வலித்தது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே வலித்தது. நான் வீட்டோடு நிற்க, ஒரு காப்பிக் கோப்பைக்குத் திட்டக்குடியில் இடம் அமைந்துவிட்டதே. அப்பா என்னைப் பார்த்தார். பிறகு போனைப் பார்த்தார்.

“கோப்பைங்களா? அது இன்னும் வேகலைங்க,” என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எதை மறுக்க வேண்டுமானாலும் அதே பதில்தான். கைமாற்று கேட்டு வருகிறவர்களுக்கும் அதுதான். ‘பொண்ணுக்கு எப்ப கல்யாணம்’ என்று கேட்கிறவர்களுக்கு அம்மாவே முந்திக்கொண்டு, “இன்னும் வேகலைங்க,” என்கிறாள்.

டாக்டரிடம் பொடி விஷயத்தைச் சொன்னபோது அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார். “இது தோலும்மா, செவுரு இல்ல,” என்றார். மறுபடியும் வெறும் களிம்பு, வெறும் வெயில். இப்போது அப்பாவும் கூட நின்றார். எதிர்வீட்டு அக்காவிடம், “வடாம் இல்லம்மா, எம் பொண்ணு கை காயுது,” என்று அவரே சொல்லிவிட்டார்.

மாதங்கள் போன பிறகு ஒரு காலையில் என் கையைப் பிடித்து, கோப்பையைச் சோதிப்பது போலவே வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். வெள்ளைத் திட்டுக்குள், முடி முளைத்த இடங்களில், பொடிப் பொடியாகப் பழுப்பு.

“இங்க வா, புள்ளி வுழுந்திருக்குது,” என்று கீழே பார்த்துக் கத்தினார்.

அம்மா கரண்டியோடு மாடிக்கு ஓடி வந்தாள். “ஐயையோ, எத்தன கோப்பையில?”

அப்பா என் கையைத் தூக்கிக் காட்டினார். புள்ளி விழுந்ததற்கு அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

இப்போதும் காலையில் காப்பி கொடுக்கும்போது அம்மா, “புள்ளி வுழுந்துச்சா?” என்று கேட்பாள். என்னைத்தான் கேட்கிறாள் என்று தெரிந்தும், அப்பா ஒருமுறை திடுக்கிட்டுத் தன் கோப்பைக்குள் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.