வார்னிஷ் காயாத மாடி

ஊரில் யாரிடமும் இல்லாத பொருள் ஒன்று நம் வீட்டில் இருந்துவிட்டால், அதைப் பற்றி நமக்கு எல்லாம் தெரியும் என்று ஊர் நம்பிவிடும். கொஞ்ச நாளில் நாமும் நம்பிவிடுவோம். ஆபத்து இந்த இரண்டாவதில்தான் இருக்கிறது.

என்னிடம் இருந்தது ஒரு மரத்தரை. எழுபதுகளின் தொடக்கத்தில், கல்யாணமான புதிதில், விருத்தாசலம் ஜங்ஷனுக்குப் பக்கத்தில் ஒரு பழைய வீட்டை வாங்கினோம். ஓய்வு பெற்ற ரயில்வேக்காரர் ஒருவர் ஆசை ஆசையாகக் கட்டியது. கீழே சாதாரண சிமெண்டுத் தரை. ஓடு வேய்ந்த மாடியில் இருந்த ஒரே பெரிய அறைக்கு மட்டும் சுவருக்குச் சுவர் தேக்குப் பலகை. என் கணவர் பீங்கான் தொழிற்சாலையில் சூளையைப் பார்த்துக்கொள்கிறவர். களிமண்ணைச் சுட்டுப் பிழைக்கிற ஊரில், அந்த வேலையே பார்க்கிறவர் வீட்டில், மரத்தால் தரை என்றால் வேடிக்கை பார்க்க ஆள் வராமல் இருக்குமா?

வந்தார்கள். மாடி ஏறிக் குதிகாலால் தட்டிப் பார்த்துவிட்டுக் கேட்பார்கள். "தண்ணி ஊத்திக் கழுவலாமாங்க?" "கரையான் வராதா?" "கட்டிலு போட்டா தாங்குதா?" "திரும்ப எப்ப பாலிஷ் போடணும்?" எனக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் ஒருவரையும் பதில் இல்லாமல் அனுப்பியதில்லை. (கழுவலாமா என்று கேட்ட அம்மாவிடம், "மழைத் தண்ணியில மட்டும்தாங்க கழுவணும்" என்று சொன்னேன். அது எங்கிருந்து என் வாயில் வந்தது என்று இன்றுவரை விளங்கவில்லை.)

உண்மையில் அந்தத் தரை பார்க்கச் சகிக்காது. சாயம் போய், கீறல் விழுந்து, வெயிலில் கிடந்த மாட்டுவண்டிப் பலகை மாதிரி இருந்தது. "பேத்துட்டு சிமெண்டு போட்டுடலாம்" என்றார் கணவர். "நானே பாலிஷ் போட்டுக் காட்டறேன்" என்றேன் நான்.

அதற்கேற்ப ஒரு நாளும் வாய்த்தது. என் நாத்தனார் வசந்தா எங்களோடுதான் இருந்தாள். அதே தொழிற்சாலையில் கப்புகளில் பூ வரைகிற வேலை. அவள் வரைந்த ரோஜாவில் டீ குடித்தால் டீக்கே ருசி கூடும் என்பார்கள். பெண்ணாடத்திலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார் தன் அம்மாவோடு வந்து அவளைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார். அவருக்கும் பிடித்தது, அவளுக்கும் பிடித்தது. இனி மாப்பிள்ளையின் தாய்மாமன் உறவுக்காரர்களோடு வந்து பேசி முடிக்க வேண்டும். அந்தக் குடும்பத்தில் அவர் வைத்ததுதான் சட்டம். அத்தனை பேரும் உட்கார மாடியை விட்டால் எங்களுக்கு இடமில்லை.

புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு உப்புத்தாளால் தேய்க்க ஆரம்பித்தேன். தேய்த்துத் தேய்த்து என் புருவமெல்லாம் மரத்தூள். வேலை முடிந்து வந்த கணவர், "எந்த மில்லுல மாவு அரைக்கப் போன?" என்று கேட்டார். தேய்த்து முடித்ததும் மரம் மிகவும் வறண்டு தெரிந்தது. வறண்ட தலைக்கு எண்ணெய் வைக்கிறோம், வறண்ட மரத்துக்கு வைத்தால் என்ன? சமையலறையில் இருந்த மல்லாட்டை எண்ணெயை (வேர்க்கடலை எண்ணெயைத்தான் எங்கள் பக்கத்தில் அப்படிச் சொல்வோம்) கொண்டுபோய்த் தாராளமாக ஊற்றித் தேய்த்தேன். பிறகு வார்னிஷ் வாங்கப் போனேன்.

கடைக்காரர் கேட்டார். "மரத்துல எண்ணெய்ப் பசை எதுவும் இல்லியேம்மா?"

"சுத்தமா இல்லீங்க" என்றேன்.

எண்ணெய்தான் இருந்தது. பசை பிறகுதான் வந்தது.

ஒரு தடவைக்கு மூன்று தடவையாக, கெட்டியாகப் பூசினேன். அவர்கள் வருகிற அன்று காலையில் விரல் நுனியால் தொட்டுப் பார்த்தேன், ஒட்டவில்லை. தரையில் என் முகமே தெரிந்தது. கணவர் ஜமுக்காளத்தை விரிக்க, நான் அதைச் சுருட்டி எடுத்துக்கொண்டேன். "இத விரிச்சா தரை எங்க தெரியும்?"

பெண்ணாடம் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். தாய்மாமன் வாட்டசாட்டமான ஆள். கஞ்சி போட்ட வெள்ளை வேட்டி, முறுக்கிய மீசை. எல்லோரும் அறைக்குள் நடந்து போனபோது காலடியில் லேசாகச் சப்புச் சப்பென்று சத்தம் கேட்டது. உயர்ந்த மரத்தின் சத்தம் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"தரை கண்ணாடியாட்டம் இருக்குதே. யாரு போட்டது?" என்றார் அவர்.

"நான்தாங்க மாமா" என்று வாசற்படியில் நின்றபடி சொன்னேன். அந்த நிமிஷம் ஓடு இடிக்கிற அளவுக்கு நான் உயர்ந்திருந்தேன்.

அவர் நட்ட நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். மாப்பிள்ளை, உறவுக்காரர்கள், என் கணவர் எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். வெயில் ஏறி ஓடு கொதிக்கத் தொடங்கியிருந்தது. பேச்சு நன்றாகத்தான் போனது. கடைசியில் அவர் தொண்டையைச் செருமினார்.

"எல்லாம் சரி. கல்யாணத்துக்கு அப்புறம் பொண்ணு வேலைய வுட்டுடணும். எங்க வூட்டுப் பொம்பளைங்க யாரும் ஃபேக்டரிக்குப் போறதில்ல."

என் பக்கத்தில் நின்ற வசந்தாவின் முகம் வாடிவிட்டது. என் கணவர் நிதானமாகச் சொன்னார். "அவ ஆசைப்பட்டுத்தாங்க போறா. வுடச் சொல்லி நான் சொல்ல மாட்டேன்."

"அப்ப இது சரிப்படாது. ஏந்திரிங்கப்பா, போவலாம்."

ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

அவரே எழுந்து வழிகாட்டப் பார்த்தார். கோணிச் சாக்கைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம் வந்தது. அவர் ஒரு சாண் உயர்ந்தார், வேட்டி உயரவில்லை. சட்டென்று மறுபடி உட்கார்ந்து, கையைத் தரையில் ஊன்றினார். கையும் ஒட்டிக்கொண்டது. சுற்றிப் பார்த்தார். ஆளாளுக்கு ஒருக்களித்துத் தங்கள் வேட்டியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதில் என் கணவரும் ஒருவர். அவர் என்னைப் பார்த்த பார்வையில் சூளையின் வெக்கை அடித்தது.

"என்னம்மா தரை இது?" என்றார் தாய்மாமன்.

"தேக்குங்க மாமா" என்றேன். வேறு என்ன சொல்ல?

முதலில் சிரித்தது மாப்பிள்ளைதான். சத்தமில்லாமல், தோள் குலுங்க.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வசந்தா மட்டும் விறுவிறுவென்று கீழே போனாள். வண்ணம் கரைக்க வைத்திருந்த டர்பன்டைன் புட்டியோடும் துணியோடும் வந்தாள். தாய்மாமன் பக்கத்தில் மண்டியிட்டு, முதலில் உள்ளங்கையை விடுவித்தாள். பிறகு வேட்டியின் விளிம்பிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நனைத்து, பிரித்து, துடைத்துக்கொண்டே வந்தாள்.

கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்த அவர் கேட்டார். "இதெல்லாம் எங்கம்மா கத்துக்கிட்ட?"

"ஃபேக்டரியிலதாங்க மாமா. கப்புல பூ தப்பா வுழுந்துட்டா இப்படித்தான் எடுப்போம். அவசரப்பட்டா எல்லாம் கலைஞ்சிடும்."

"நீ மெதுவாவே எடும்மா. இது எங்க அக்கா எடுத்துக் குடுத்த வேட்டி."

மாப்பிள்ளை அப்போதுதான் வாயைத் திறந்தார். "அவங்க வேலைக்குப் போவட்டும் மாமா. அந்த வேலை இல்லன்னா இன்னிக்கு நாம இங்கியே குடியிருக்க வேண்டியதுதான்."

கோபத்தைக் காட்ட ஒரு மனிதர் எழுந்து நிற்க வேண்டியிருக்கிறது. விருட்டென்று போக வேண்டியிருக்கிறது. உட்கார்ந்த இடத்திலேயே, அதுவும் ஒரு பெண் பொறுமையாகத் தன் வேட்டியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்போது, எவ்வளவு நேரம்தான் முறைப்பது? மீசை முதலில் துடித்தது. பிறகு வயிறு குலுங்கியது. அப்புறம் அறையே சிரித்தது.

"சரி, போவட்டும். ஆனா ஒண்ணு," என்று என்னைக் கைகாட்டினார். "இந்தம்மா கையில மட்டும் வார்னிஷக் குடுக்காதீங்க."

கடைசி ஆளையும் பிரித்தெடுத்ததும் எல்லோரும் கீழே இறங்கி வந்து, டர்பன்டைன் வாடையோடு இலையில் உட்கார்ந்து கை நனைத்தார்கள். சம்பந்தம் முடிந்தது என்பதற்கு அதுதான் அடையாளம். வசந்தா கல்யாணத்துக்குப் பிறகும் பெண்ணாடத்திலிருந்து தினமும் வேலைக்கு வந்துபோனாள்.

தரையை நான் விடவில்லை. எண்ணெய் முழுக்கப் போகும்வரை துடைத்து, மறுபடி தேய்த்து, மெல்லிசாகப் பூசி, ஒவ்வொரு பூச்சும் நன்றாகக் காயும்வரை காத்திருந்தேன். கட்டில், அலமாரி எல்லாம் ஏறியும் அது இன்றைக்கும் பளபளக்கிறது. கேள்வி கேட்க வருகிறவர்களுக்கு இப்போது சரியான பதிலே சொல்கிறேன். ஆனால் யாரும் அதைக் கேட்க வருவதில்லை, ஒட்டிக்கொண்ட கதையைக் கேட்கத்தான் வருகிறார்கள்.

சில வருஷம் கழித்துத் தாய்மாமன் தன் மகளுக்கு வரன் பார்த்தார். மாப்பிள்ளை வீட்டார் பிடிவாதக்காரர்கள் என்று பேச்சு. ஒருநாள் தனியாக எங்கள் வீட்டுக்கு வந்தார்.

"அவங்கள இங்க வரச் சொல்லி, உங்க மாடியில வெச்சிப் பேசிக்கலாமா?"

"தாராளமா மாமா. தரை இப்ப சுத்தமாக் காஞ்சிடுச்சு, பயப்படாதீங்க."

அவர் முகம் தொங்கிப்போனது.

"காஞ்சிடுச்சா?" என்றார். "கொஞ்சம் பச்சையா இருந்தா தேவலன்னு வந்தேன்."