பவுடர் அண்ணனும் என் பைக்கின் எண்ணெய்க் கசிவும்

காஞ்சிபுரத்தில் எந்த வண்டியில் எண்ணெய் ஒழுகினாலும், சொட்டு தரையைத் தொடுவதற்குள் பவுடர் அண்ணனுக்குத் தெரிந்துவிடும். தொழில் சலூன். ஆனால் எதிரே பழைய பைக் ஒன்று வந்தால், முதலில் குனிந்து இன்ஜின் அடியைப் பார்ப்பார். ஓட்டுகிறவர் முகத்தைப் பார்ப்பது அப்புறம்தான்.

என்னுடையது அப்பா ஓட்டிய பைக். நிறுத்திய இடத்தில் எல்லாம் கறுப்பாக ஒரு வட்டம் போடும். எங்கள் தெருவில் காலையில் தறிக்கான பட்டு நூலைப் பாவாக நீளமாக இழுத்துக் கட்டுவார்கள். ஒருநாள் நெசவாளர் முனுசாமியின் பாவு நழுவி, நேராக அந்த வட்டத்தில் விழுந்தது. கல்யாணப் புடவைக்கான பட்டு. அவர் கத்தவில்லை.

"வண்டி இனிமே தெருவுக்குள்ள வர வேணாம்பா" என்றார். அவ்வளவுதான். கத்தியிருந்தால்கூடப் பரவாயில்லை.

இரண்டு மெக்கானிக்குகள் இன்ஜினின் அடியில் கசிவை அடைக்கும் கேஸ்கெட்டை மாற்றினார்கள். ஒழுகல் நிற்கவில்லை. முடிவெட்டப் போன இடத்தில் பவுடர் அண்ணனிடம் புலம்பினேன். சவரக் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தார். உள்ளே ஒருவர் பாதிக் கன்னத்தில் நுரையோடு, "அண்ணா, நானு?" என்றார்.

"உன் கன்னம் ஒண்ணும் ஒழுகலயே. உக்காருபா."

இன்ஜினை டீசல் விட்டுக் கழுவித் துடைத்தார். பிறகு கடையின் முகப்பவுடரை எடுத்து, பிரஷ்ஷால் இன்ஜின் முழுக்கப் பூசினார். "ஐயம்பேட்டை வரைக்கும் ஓட்டிக்கினு வா."

பஸ் நிறுத்தத்தில் ஒரு அம்மா, "வண்டி பொண்ணு பாக்கப் போவுதா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பியதும் அண்ணன் தரையில் படுத்துப் பார்த்தார். வெள்ளைப் பவுடரில் கறுப்பாக ஒரு கோடு. இன்ஜின் தலையில் தொடங்கி அடிவரை இறங்கியிருந்தது.

"சொட்டுற எடத்தையே எல்லாரும் பாத்துக்கினு இருந்திருக்கீங்க. இது மேல, எண்ணெய் பைப் மூட்டுலேர்ந்து வருது. காத்து தள்ளிக்கினு வந்து கீழ வுடுது."

மூட்டில் இருந்த செப்பு வாஷரைக் கழற்றி, வீட்டு கேஸ் அடுப்பில் சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டார். செம்பு இளகினால்தான் இடுக்கில் சரியாக உட்காருமாம். தோசைக் கரண்டியோடு காத்திருந்த அவர் மனைவி, "இதுக்குத் தொட்டுக்க என்ன வைக்கணும்?" என்றார்.

மறுநாளும் லேசாகக் கசிந்தது. அண்ணனுக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. கடைசியில், இன்ஜினுக்குள் சேரும் காற்று வெளியேறும் குழாயைப் பிடுங்கி ஊதிப் பார்த்தார். மண் அடைத்திருந்தது.

"மூச்சு வுட முடியாம திணறிக்கினு இருக்குது. கெடைச்ச சந்துல எண்ணெயைத் தள்ளாம அது என்னா பண்ணும், பாவம்?"

குழாயைச் சுத்தம் செய்ததும் கசிவு நின்றது. முனுசாமி நம்பவில்லை. அண்ணன் தன் புது வெள்ளை வேட்டியைக் கொண்டுவந்து, தெரு நடுவில் பைக்குக்கு அடியில் விரித்தார். இன்ஜினை ஓடவிட்டோம். தறியை விட்டு எழுந்துவந்து தெருவே நின்றது. பட்டென்று நிறுத்திவிட்டு ஓடிவிடலாமா என்றிருந்தது எனக்கு. அண்ணன் கைகட்டி நின்றார்.

முனுசாமி வேட்டியை எடுத்து, புடவையில் குறை தேடுவதுபோல இரண்டு பக்கமும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். மடித்து அண்ணன் கையில் கொடுத்தார். "வண்டிய உள்ள வுட்டுக்கோபா" என்றார் என்னிடம்.

போன மாதம் அண்ணனுக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரியிலிருந்து அதே பைக்கில்தான் கூட்டிவந்தேன். ஒரு கண்ணில் கட்டு. மற்றதிலும் பார்வை மங்கல். இறங்கியவர் வீட்டுக்குள் போகாமல், தடவித் தடவி இன்ஜின் அடியில் விரலை வைத்தார்.

"ஈரம் இல்லபா" என்றார், நிம்மதியாக.

ஓடிவந்த இன்ஜின் சூடாக இருந்திருக்கும். அந்த விரலை என் கைக்குள் வைத்துக்கொண்டே, அவரைப் படியேற்றிவிட்டேன்.