முருகேசனுக்கு நாலு வயது

ஒரு மனிதரையும் அவருடைய மனைவி, அப்பா, அம்மாவையும் ஒரே பொத்தானில் நாலு வயதுப் பெண் குழந்தைகளாக மாற்றியவன் நான். மந்திரவாதி இல்லை, ஏபாப் நிரலாளன். பெரிய நிறுவனங்களில் சம்பளமும் சரக்கும் ஓடுகிற மென்பொருளுக்குள் எழுதும் மொழி அது. அதில் இரண்டு வருட அனுபவம் வந்ததும் எனக்குத் தலைகால் புரியாமல் போயிற்று.

அப்போது ஆனேக்கல் பக்கத்து உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் வேலை எங்கள் அலுவலகத்துக்கு வந்தது. தொழிலாளர்கள் மருத்துவக் காப்பீட்டுக்கான குடும்ப விவரத்தைத் தாங்களே கணினியில் பதிய வேண்டும். ஒருவர் வீட்டில் இரண்டு பேர், இன்னொருவர் வீட்டில் ஏழு பேர். வேறு யாராக இருந்தாலும் எட்டு வரியில் ஒரு படிவம் போட்டு, மிச்சத்தைக் காலியாக விடச் சொல்லியிருப்பார்கள். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. "எத்தனை பேரோ அத்தனை வரி. படிவம் தானாகவே வளரும்" என்று கூட்டத்தில் அறிவித்தேன். (மேனேஜர் அப்போது வடையில் மூழ்கியிருந்தார்.)

அதோடு வாயை மூடியிருக்கலாம். தொழிற்சாலையின் மனிதவள அதிகாரி கல்பனா மேடம், "பேப்பர் ஃபார்மும் ஒரு பக்கம் இருக்கட்டுமா?" என்று கேட்டார். "இன்னும் எத்தனை நாளைக்கு மேடம் பேப்பர்?" என்று சிரித்தேன். அவரும் என்னை நம்பி அச்சடிப்பதை நிறுத்திவிட்டார்.

பதிவு நாளன்று தொழிற்சாலை கேன்டீனில் மூன்று கணினிகளை வைத்தோம். மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்விடும். அதில் பெயர் இல்லாதவருக்கு அந்த வருடம் கார்டு கிடையாது. முதலில் வந்த ஸ்ரீனிவாஸ் தனிக்கட்டை, ஒரு நிமிடத்தில் முடித்துவிட்டுப் போனார். அடுத்து வந்தவர் லேத் பிரிவு முருகேசன்.

"சார், வீட்டுக்காரிக்கு அடுத்த வாரம் டெலிவரி. இன்னிக்கு பேரு ஏறலனா ஆஸ்பத்திரியில கார்டு செல்லாதுன்னாங்க. கொஞ்சம் பார்த்துக்கங்க சார்."

"கவலையே படாதீங்க" என்றேன். அந்த வயதில் எனக்கு வராத ஒரே விஷயம் கவலைதான்.

முருகேசன் ஒற்றை விரலால் அடித்தார். தன் பெயர், மனைவி செல்வி, அப்பா, அம்மா, கடைசியாக மகள் யுவஸ்ரீ, வயது நான்கு. சேமித்தார். பக்கம் திரும்பி வந்தது. ஐந்து வரியிலும் யுவஸ்ரீ. ஐந்து பேரும் பெண். ஐந்து பேருக்கும் வயது நான்கு.

"இன்னா சார் இது? எங்கப்பா எனக்குப் பொண்ணாயிட்டாரு?"

பின்னால் நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "முருகேசா, நாளைலருந்து எல்.கே.ஜி.க்குப் போ!" என்று ஒரு குரல். முருகேசன் சிரிக்கவில்லை. மனைவியின் பெயர் இருந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கல்பனா மேடம் ஓடி வந்தார். "ஏன்ரீ இது?" என்ன இது என்று கன்னடத்தில் கேட்டார்.

"சர்வர் ஸ்லோ மேடம்" என்றேன். (எதுவுமே தெரியாதபோது எங்கள் தொழிலில் சொல்வது.)

தவறைக் கண்டுபிடிக்கப் பத்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் கணினியின் நினைவகத்தில் புதிதாக ஓர் இடம் உண்டாக்கி, அதை அந்த ஆளின் வரியோடு இணைக்க வேண்டும். நான் இடத்தை ஒரே ஒரு முறை, ஆளுக்கு ஒரு தடவை திரும்பத் திரும்ப ஓடும் லூப்புக்கு வெளியே உண்டாக்கிவிட்டு, எல்லா வரிகளையும் அதனோடே கட்டியிருந்தேன். ஒரே வீட்டில் ஐந்து குடித்தனம், கடைசியாக வந்தவருக்கே வீடு சொந்தம். சோதித்துப் பார்க்கவில்லையா என்று கேட்பீர்கள். பார்த்தேன், என் பெயரை மட்டும் போட்டு. ஓர் ஆள், ஒரு வரி. அற்புதமாக வேலை செய்தது.

திருத்தவும் சில விநாடிதான். ஆனால் திருத்தியதை உண்மையாக ஓடும் அமைப்புக்கு அனுப்ப மூன்று பேரின் ஒப்புதல் வேண்டும். இருவர் கொடுத்தார்கள். மூன்றாமவர் விமானத்தில் இருந்தார், இறங்க மாலை ஏழாகும். முருகேசனிடம் போய், "என் தப்புதான். இன்னிக்கு முடியாது போல இருக்குங்க" என்று ஒப்புக்கொண்டேன்.

அவர் திரையைத் திரும்ப ஒரு தடவை பார்த்தார். பிறகு, "ஸ்ரீனிவாசுக்கு மட்டும் எப்படி சார் சரியா வந்துச்சு?" என்று கேட்டார்.

"அவர் ஒரே ஆளுங்க. ஒரு ஆள்னா சரியா வரும்."

"ஒருத்தரைப் போட்டு சேமிச்சிட்டு, திரும்ப வந்து இன்னொருத்தரைப் போட்டா? முன்ன போட்டது அழியுமா?"

நான் வாயைப் பிளந்தேன். அழியாது. புதுப் பெயர் அதன் அடியில் போய்ச் சேரும்.

முருகேசன் வரிசையைப் பார்த்துத் திரும்பினார். "யப்பா, இன்னிக்கு ஒரு நாள் எல்லாரும் பிரம்மச்சாரி! ஒரு தடவைக்கு ஒரு பேருதான். போட்டுட்டு திரும்ப வந்து நில்லுங்க!"

நூற்றுச் சொச்சம் பேர். யாருமே முணுமுணுக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் யாரும் வரிசையை விட்டுப் போகவில்லை. மனைவியைப் போட்டுவிட்டு அம்மாவுக்காக நின்றார்கள், அம்மாவைப் போட்டுவிட்டுப் பிள்ளைக்காக நின்றார்கள். சாப்பாட்டுத் தட்டோடும் நின்றார்கள். முருகேசனின் தப்பு வரிகளை நான் அழித்ததும், அவர் மனைவியின் பெயரை மட்டும் எல்லாரும் முதலில் ஏற்றச் சொன்னார்கள். கல்பனா மேடம் எனக்கு ஒரு காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "குடி. அப்புறமா திட்டறேன்" என்றார். கடைசிவரை திட்டவே இல்லை. என் மேனேஜருக்கு அனுப்பிய கடிதத்தில் 'சிறு தாமதம்' என்று மட்டும் எழுதியிருந்தார். ஐந்து மணிக்குக் கொஞ்சம் முன்னால் கடைசிப் பெயர் ஏறியது. என் வேலை அன்று தப்பியது அவர்கள் காலில் ஏறிய வலியால். அந்த நன்றி எனக்கு இன்றும் குறையவில்லை.

பத்து நாள் கழித்து முருகேசனிடமிருந்து போன். "சார், இன்னொரு பேரு போடணும். பையன். கார்டு செல்லுச்சு சார், ஒரு பிரச்சினையும் இல்ல."

அதைப் போனிலேயே வாங்கிப் போட்டிருக்கலாம். மனசு கேட்கவில்லை, பஸ் பிடித்து நேரிலேயே போனேன். திருத்திய படிவத்தில் அவர் சேமித்ததும் ஆறு வரியில் ஆறு பேரும் அவரவர் வயதோடு வந்தார்கள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. திரையில் தூசி என்று துடைத்தேன்.

அன்றிலிருந்து நான் அந்த வீட்டு மனுஷன். எந்த விசேஷத்துக்குப் போனாலும், "எங்கப்பாவுக்கும் எனக்கும் ஒரே வயசு போட்ட அங்கிள்" என்றுதான் யுவஸ்ரீ அறிமுகம் செய்வாள். இப்போது கல்லூரியில் கம்ப்யூட்டர் படிக்கிறாள். போன மாதம் சாப்பிட உட்கார்ந்தபோது, எனக்கு ரசம் ஊற்றிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்:

"அங்கிள், அந்த லைன லூப்புக்குள்ள போடணும்னு எங்களுக்கு ஃபர்ஸ்ட் செமஸ்டர்லயே சொல்லிக் குடுத்துட்டாங்க."